ஏழு நாள் விடுமுறை, எட்டு வருடம் நின்ற பிக்கப்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவின் பழைய பெட்ரோல் பிக்கப் எட்டு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. வருகிற விடுமுறைக்கு நானும் அண்ணனும் குடும்பத்தோடு அங்கே போய் ஏழு நாள் தங்கப்போகிறோம். கிளம்புவதற்குள் அப்பாவை அதில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிவிட வேண்டும். நடக்குமா? எப்படித் திட்டமிடுவது?

பதில்: நடக்கும். ஆனால் எதைச் செய்யப்போவதில்லை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெயின்ட், சீட் தையல், தகடு வெல்டிங், வயரிங்கை முழுசாக மாற்றுவது எல்லாம் அடுத்த விடுமுறைக்கு. இந்த முறை மூன்றே வேலை: எஞ்சின் ஓட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், டயர் தாங்க வேண்டும். இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் பல குடும்பங்கள் வண்டியைப் பிரித்த நிலையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகின்றன.

ஏழு நாள் தங்கினாலும் வேலைக்குக் கிடைப்பது ஐந்து நாள்தான். வந்த நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் வராது. தினமும் காலையில் நாலு மணி நேரம் என்று வையுங்கள், மொத்தம் இருபது மணி நேரம். மதியத்துக்கு மேல் வண்டிப் பக்கமே போக வேண்டாம். அது பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் உரிய நேரம். அதோடு, களைத்த கையால் திருகும்போதுதான் மரை போகும், போல்ட் உடையும். மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்குக் கைப்பழக்கம் இல்லாதவர் மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

உண்மையான வேலை நாலு வாரத்துக்கு முன்பே தொலைபேசியில் தொடங்குகிறது. அப்பாவிடம் முதலில் சொல்ல வேண்டியது: 'சாவியைத் திருப்பிப் பார்க்காதீங்கப்பா.' ஆர்வத்தில் வேறு பேட்டரியைக் கொடுத்து செல்ஃப் அடித்தால் காய்ந்த பிஸ்டன் ரிங் சிலிண்டரைக் கீறிவிடும், ஒட்டிக்கொண்ட வால்வு, அதைத் திறக்கும் கம்பியான புஷ் ராடை வளைத்துவிடும். அதற்குப் பதில் துரு இளக்கும் எண்ணெயை வாரத்துக்கு இரண்டு முறை சில இடங்களில் விடச் சொல்லுங்கள்: வீல் நட்டு, பிரேக்கில் ஏர் எடுக்கும் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிள், ஸ்பார்க் பிளக்கின் அடிப்பகுதி. பிரேக் ஷூ (உரசி நிறுத்தும் பட்டை) பக்கம் மட்டும் எண்ணெய் போகக்கூடாது.

சுத்தியலால் சேசிஸ் சட்டத்தைத் தட்டிப் பார்க்கும் வேலையையும் அவரிடமே கொடுங்கள், தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போனது பொத்தென்று சத்தம் கொடுக்கும். பட்டை ஸ்பிரிங் சட்டத்தோடு சேரும் இடங்கள் முக்கியம். அங்கே சுத்தியல் பள்ளம் விழுத்தினாலோ, ஸ்க்ரூ டிரைவர் குத்தி உள்ளே போனாலோ, இந்த முறை ஓட்டும் திட்டத்தைக் கைவிடுங்கள். எஞ்சினை எழுப்புவதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே நல்ல விடுமுறைதான். பதிவும் காப்பீடும் காலாவதியாகியிருந்தால் சுற்று வளாகத்துக்குள் மட்டுமே.

நாள்வாரியாகச் சொன்னால்: முதல் நாள் வண்டியைக் கழுவி, எலிக்கூடு, கடித்த வயர் பார்த்து, பிளக் கழற்றி எண்ணெய் விடுவது. இரண்டாம் நாள் எஞ்சினைக் கையால் சுற்றுவதும் எரிபொருள் வேலையும். மூன்றும் நாலும் பிரேக்குக்கே போய்விடும். ஐந்தாம் நாள் எதுவும் திட்டமிடாதீர்கள். முதல் நாலு நாளில் மிஞ்சியது அதை நிரப்பிவிடும்.

கேள்வி: அங்கே போய்ப் பார்த்துவிட்டுப் பாகங்கள் வாங்கினால் நாள் வீணாகும். பார்க்காமல் முன்கூட்டியே வாங்கினால் பொருந்தாமல் போகும். என்ன செய்வது?

பதில்: வண்டியின் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே வருடத்து வண்டியில்கூட நடுவில் பாகம் மாறியிருக்கும். எட்டு வருடம் ஓடாத வண்டிக்கு முன்னால் எத்தனை கை பட்டிருக்கும் என்பதும் தெரியாது. எஞ்சினே வேறொன்றாக இருக்கலாம். சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் துடைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் சாக்பீஸைப் பட்டையாகத் தேய்த்தால் பள்ளங்கள் தெரியும்.

அந்த எண்கள் கைக்கு வந்தபின் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியவை: எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், பிளக், பிரேக் ஆயில் ஒரு லிட்டர், கூலன்ட், எரிபொருள் ஹோஸ் இரண்டு மீட்டர், அதற்கான கிளாம்ப் பத்து. ஹோஸின் உள்விட்டம் தெரிய வேண்டும். பழைய குழாயின் வெளிவிட்டத்தை அளந்தால் போதும். சாதாரணத் தண்ணீர்க் குழாயை வாங்கிவிட வேண்டாம், பெட்ரோல் அதை ஊறவைத்துப் பிளந்துவிடும்.

அளக்காமல் வாங்கக்கூடாதது வீல் சிலிண்டர், சக்கரத்துக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் சின்ன உருளை. வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்விட்டம் மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபடும். தவறானதைப் போட்டால் ஏறிவிடும், பிரேக்கும் பிடிக்கும், ஆனால் முன்பின் சமநிலை கெட்டு ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளலாம். உடம்பில் வார்ப்பெழுத்தாக விட்டம் பொறித்திருக்கும், அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

டயரையும் முன்பே பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பத்து வருடம் தாண்டிய டயர், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வேகமாக ஓட்ட உதவாது. வளாகத்துக்குள் மெல்ல நகர்த்த மட்டும் பழையதை நம்பலாம், அதுவும் பக்கவாட்டில் வெடிப்பு நூல்வரை போகாமல் இருந்தால்.

கேள்வி: எட்டு வருடம் நின்ற எஞ்சினைக் கெடுக்காமல் முதல்முறை எப்படி எழுப்புவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து ஓடவைக்க டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினா, செயின் அல்லது கியர் உள்ளதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் அதை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். பழைய ரப்பர் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

அடுத்து எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் அவற்றின் குழியை ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால் மண்ணும் எலிப் புழுக்கையும் சிலிண்டருக்குள் விழும். ஒவ்வொரு துளையிலும் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி (எஞ்சின் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) நட்டில் பாக்ஸ் ஸ்பேனரை மாட்டி, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் அழுத்தம் இருக்காது, கனமாக ஆனால் சீராக நகரும். ஓரிடத்தில் கல்லில் முட்டியதுபோல நின்றால் பைப்பை மாட்டி நெம்பாதீர்கள். இன்னும் எண்ணெய் விட்டு இன்னொரு நாள் காத்திருங்கள்.

இந்த நேரத்தில் வால்வு மூடியைக் கழற்றி வைப்பது அரை மணி நேர வேலை. பலர் தவிர்ப்பது இதைத்தான், தவிர்க்கக்கூடாததும் இதைத்தான். ஒருவர் கிராங்கைச் சுற்ற, இன்னொருவர் ராக்கர்களை (வால்வை அழுத்தித் திறக்கும் சின்ன நெம்புகோல்கள்) பார்க்க வேண்டும். ஒவ்வொரு ராக்கரும் கீழே அழுத்தி, வால்வு ஸ்பிரிங் அதைத் திரும்ப மேலே தள்ள வேண்டும். ஒன்று மட்டும் கீழே போய் அங்கேயே தங்கி, ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்த வால்வு கைடில் (தண்டு ஓடும் குழலில்) ஒட்டியிருக்கிறது. மேலும் சுற்றாதீர்கள், ஏறி வரும் பிஸ்டன் அதில் மோதலாம். தண்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, பிளாஸ்டிக் சுத்தியலால் அதன் நுனியில் மெல்லத் தட்டத் தட்ட ஏறி வரும். கிராங்க் முழுசாக இரண்டு சுற்று வந்தால்தான் எல்லா வால்வும் ஒருமுறை திறந்து மூடியதாக அர்த்தம்.

பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதியதையும் ஃபில்டரையும் போடுங்கள். வடிக்கும்போது முதலில் தண்ணீர் வந்தால், அது ஈரம் சேர்ந்ததா, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் தகடு) போனதா என்று பின்னால் கவனிக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள எஞ்சினில் அதன் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பம்பை மாற்றாமல் ஓட்டினால் புது ஆயிலும் நீர்த்துப்போய் பேரிங் போகும்.

டேங்கில் இருக்கும் பெட்ரோலை நம்பவே வேண்டாம். சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும் பொருள் அது. எட்டு வருடத்தில் வார்னிஷ் மாதிரி வாடையோடு பழுப்பாகியிருக்கும். அதை உறிஞ்சினால் கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் போகும் நுண்துளை) உடனே அடைத்துக்கொள்ளும். டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது ஒரு முழுக் காலை வேலை. அதுவரைக்கும் புது பெட்ரோல் இரண்டு லிட்டரைச் சின்ன உலோகக் கேனில் எடுத்து, எஞ்சினிலிருந்து தள்ளித் தரையில் சாயாமல் வைத்து, புது ஹோஸ் வழியாக பம்புக்குக் கொடுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இப்போது பேட்டரி. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான். இக்னிஷன் காயிலின் வயரைப் பிடுங்கிவிட்டு, பிளக் துளைகள் மேல் துணி போட்டு (ஊற்றிய ஆயில் பீறிட்டு வரும், முகத்தைக் காட்டாதீர்கள்), பத்துப் பத்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். நடுவில் ஒரு நிமிடம் மோட்டார் ஆறட்டும். ஆயில் விளக்கு அணையும்வரை, அல்லது ஆயில் பிரஷர் முள் நகரும்வரை. அதற்குப் பிறகுதான் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ரேடியேட்டரில் கூலன்ட் நிரம்பியிருக்கட்டும். முதல் பத்து நிமிடம் புகை தாராளமாக வரும். அது நீங்கள் ஊற்றிய ஆயில்தான், பயம் வேண்டாம். வாசலும் ஜன்னலும் திறந்திராத கொட்டகைக்குள் மட்டும் ஓடவிடாதீர்கள்.

ஓடுகிறது, கிளட்சும் தரைவரை போகிறது, ஆனால் கியர் விழவில்லையா? கிளட்ச் தட்டு துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். எஞ்சினை அணைத்து, பெடலை முழுக்க அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் காலையில் விட்டுப்போயிருக்கும்.

கேள்வி: பிரேக் பெடல் மிதித்தால் தரைவரை போகிறது. ஆயில் ஊற்றி ஏர் எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்துப் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியதற்குக் குறைந்தபட்ச வரம்பு 155 டிகிரி மட்டுமே. எட்டு வருடத்தில் அந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளேயிருந்து அரித்திருக்கும்.

இன்னொரு கெடுதல் ஏர் எடுக்கும்போதே நடக்கிறது. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் உருளை) பிஸ்டன் குழலின் முன்பாதியில் மட்டுமே நகரும். மீதி இடத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும். நீங்கள் பெடலைத் தரைவரை மிதிக்கும்போது ரப்பர் சீல் அந்தச் சொரசொரப்பில் போய்க் கிழிகிறது. நேற்றுவரை ஓரளவு பிடித்த பிரேக், ஏர் எடுத்த பிறகு பிடிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய மாஸ்டர் சிலிண்டரோடு வேலை செய்தால் பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு போட்டு முழுப்பயணம் போகாமல் தடுங்கள். எட்டு வருடம் நின்ற வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள் மூன்றையும் மாற்றிவிடுவதே என் பரிந்துரை. ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது, அந்தச் சக்கரம் மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும்.

ட்ரம் (ஷூக்களை மூடிச் சக்கரத்தோடு சுற்றும் உறை) கழலவில்லை என்றால் அடிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்னாலுள்ள துளை வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். பல ட்ரம்களில் மரை போட்ட இரண்டு துளைகள் உண்டு. பொருத்தமான போல்ட்டுகளை மாறி மாறிக் கால் சுற்று முறுக்கினால் ட்ரம் தானாக வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியை ஊதவே கூடாது. பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

ஏர் எடுப்பது வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கும். சில வண்டிகளில் வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள். டாட் 3, டாட் 4 ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 மட்டும் சிலிக்கான், அதை இவற்றோடு கலக்கக்கூடாது. முதல் ஓட்டத்துக்கு முன் எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, வண்டி நகரக்கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பிள்ளைகளுக்கு 11, 6. எல்லோருக்கும் வேலை கொடுக்க ஆசை. எதைக் கொடுக்கலாம்?

பதில்: அப்பாவை வண்டிக்கு அடியில் படுக்கவிடாதீர்கள். உயரமான மேசையும் நல்ல விளக்கும் கொடுத்து கார்புரேட்டரை அவரிடம் ஒப்படையுங்கள். அந்த வண்டியோடு பழகிய கை அது. வேலையைப் பிரிக்கும் முடிவையும் அவரிடமே கேளுங்கள், 'அப்பா, இதைக் கழட்டலாமா?' என்று ஒரு வார்த்தை. வண்டி அவருடையது.

பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பதிவேடு. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம், கழற்றிய போல்ட்டை ஜிப் பையில் போட்டு 'இடது முன், மேல்' என்று எழுதி ஒட்டுவது. திரும்ப மாட்டும் நாளில் இந்தப் பைகள்தான் உங்களைக் காப்பாற்றும். ஆறு வயதுக்கு நட்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் வேலை, பக்கெட்டும் பிரஷும், மண்ணெண்ணெய் இல்லாமல் சோப்புத் தண்ணீர் மட்டும்.

ஜாக்கியில் ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் சின்னவர் வரக்கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. மண் தரையில் ஸ்டாண்டுக்குக் கீழே கனமான பலகை போடுங்கள், இல்லையென்றால் ஒரு கால் மட்டும் புதைந்து சாயும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியை உடம்பால் தள்ளி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள்.

கேள்வி: விமானத்தில் போகிறேன். கருவிகளும் பாகங்களும் எடுத்துப் போகலாமா?

பதில்: ஸ்பேனர்கள், டார்க் ரெஞ்ச் எல்லாம் பெட்டியில் போகும், கைப்பையில் வேண்டாம். துரு இளக்கும் ஸ்ப்ரே, பிரேக் கிளீனர் ஸ்ப்ரே போன்றவை எதிலும் போகாது, அங்கேயே வாங்குங்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் பழைய கார்புரேட்டரையோ பம்பையோ ரிப்பேருக்கு என்று எடுத்துவராதீர்கள். எரிபொருள் மிச்சமிருக்கும் பாகம் அபாயப் பொருள், தடுத்துவிடுவார்கள்.

கருவி எடுக்கும் முன் வண்டி மில்லிமீட்டரா அங்குலமா என்று கேளுங்கள். 19 மி.மீ. ஸ்பேனர் முக்கால் அங்குல நட்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. 13 மி.மீ. ஸ்பேனர் அதில் ஏறும், லேசாக ஆடும், இறுகிய நட்டில் முனையை மழுக்கிவிடும். பன்னிரண்டு முனை பாக்ஸைவிட ஆறு முனை பாக்ஸ்தான் துருப்பிடித்த நட்டுக்கு நல்லது. பிரேக் குழாய் நட்டுக்குத் தனி ஸ்பேனர் உண்டு. ரிங் ஸ்பேனரில் குழாய் நுழைய வாய் வெட்டியதுபோல இருக்கும், அதை மறக்காதீர்கள்.

கேள்வி: போல்ட் உடைந்தோ பாகம் வராமலோ வேலை பாதியில் நின்று, மறுநாள் கிளம்ப வேண்டியிருந்தால்?

பதில்: நாலாம் நாள் மாலையே முடிவெடுங்கள், கடைசி இரவில் வேண்டாம். ஐந்தாம் நாள் காலை முதல் வேலை வண்டியை நாலு சக்கரத்தில் தரையில் நிறுத்துவது. அப்பா தனியாக இருக்கும் இடத்தில் ஸ்டாண்டில் வண்டியை விட்டுப் போகக்கூடாது. வீல் நட்டுகளைக் குறுக்குவாட்டில் இறுக்கி, தரையில் இறக்கியபின் மறுபடி டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள்.

திறந்த பிரேக் குழாய் முனைகளுக்கு மூடி போடுங்கள், கார்புரேட்டர் வாய்க்குத் துணி அடைத்து அதில் சிவப்புக் கயிறு தொங்கவிடுங்கள், உள்ளே துணி இருப்பது அடுத்தவருக்குத் தெரியும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பிரேக் இல்லாத வண்டி என்றால் ஸ்டியரிங்கில் 'பிரேக் இல்லை' என்று அட்டை கட்டுங்கள், சாவியை அங்கே வைக்காதீர்கள். பிளக்குகளை மாட்டிவிட்டு, மாதம் ஒருமுறை கிராங்கை ஒன்றரைச் சுற்று கையால் சுற்றச் சொல்லுங்கள். ஸ்பேனரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், அளவையும் ஃபென்டரின் உட்புறத்தில் பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள்.